பழைய பண்ணை வீட்டைக் குழு விடுதியாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் முந்நூறு, நானூறு ஆண்டுகள் பழைமையான பண்ணை வீடுகளை வாங்கி, இருபது பேர் ஒன்றாகத் தங்கும் விடுமுறை விடுதிகளாக மாற்றுவோர் பலர். அவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே மறதியிலிருந்து பிறக்கின்றன. அந்த வீடு ஒரு குடும்பத்துக்கும் அதன் வேலையாட்களுக்குமாகக் கட்டப்பட்டது. வெள்ளிக்கிழமை மாலையில் ஒரே நேரத்தில் வந்து இறங்கும் கூட்டத்துக்காக அல்ல.

என் கருத்தில் மிகக் கொடிய தவறு, சுவருக்குச் சிமென்ட் பூசுவதாகும். போர்ட்லாந்து சிமென்ட்டுக்குக் காப்புரிமை பெறப்பட்டது 1824இல்தான். அதற்கு முந்தைய வீடுகள் சுண்ணாம்புச் சாந்தாலும் மண்ணாலும் எழுந்தவை. அவற்றின் சுவர்கள் மழையில் ஈரத்தை உறிஞ்சி, வெயிலிலும் காற்றிலும் அதை வெளியே விட்டுவிடும். காரை வீட்டில் வளர்ந்த தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேலே சிமென்ட்டையோ பிளாஸ்டிக் வண்ணத்தையோ பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடுகிறது; உத்தரங்களின் முனைகள் உளுத்துப்போகின்றன; உறைபனிக் காலத்தில் கல்லின் முகம் பொளிந்து உதிர்கிறது. இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டெவன் பகுதியில் களிமண்ணையும் வைக்கோலையும் பிசைந்து எழுப்பிய தடித்த மண்சுவர்கள் உண்டு. சிமென்ட் பூச்சுக்குள் நனைந்துபோன அத்தகைய சுவர் இடிந்து விழவும் கூடும். இருபது பேர் குளிப்பதாலும் சமைப்பதாலும் எழும் ஆவியும் இதனுடன் சேரும்போது, ஒரு குடும்பம் மட்டும் வாழ்ந்தபோது தெரியாத பூஞ்சை மூலைகளில் படர்கிறது. எனவே பூச்சு வேலைக்குச் சுண்ணாம்பையே பயன்படுத்த வேண்டும். அது உலர வாரக்கணக்கில் ஆகும் என்பதையும் கருத்தில் கொண்டே முதல் முன்பதிவுக்கு நாள் குறிக்க வேண்டும்.

அடுத்தது அனுமதி. 1700க்கு முன் கட்டப்பட்டு, பழைய வடிவம் பெரிதும் மாறாமல் நிற்கும் கட்டடங்கள் ஏறக்குறைய அனைத்தும் பாதுகாக்கப்படும் கட்டடங்களின் அரசுப் பட்டியலில் உள்ளன. முகப்புக்கு மட்டுமே பாதுகாப்பு உண்டு என்று எண்ணிக்கொண்டு உள்சுவரை இடிப்பவர்கள் இருக்கிறார்கள். பட்டியல் வீட்டின் உட்புறத்தையும் சேர்த்தே காக்கிறது. 1990ஆம் ஆண்டின் சட்டப்படி, அனுமதியின்றி அதன் தன்மையை மாற்றுவது குற்றம். முந்தைய உரிமையாளர் செய்த மாற்றத்தைக்கூடச் சரிசெய்யுமாறு புதியவருக்கு உத்தரவு வரலாம் என்பதால், வாங்கும் முன்பே பழைய அனுமதி ஆவணங்களைப் பார்த்துவிட வேண்டும். பரணில் வௌவால்கள் தங்கினால், அவை பறந்துபோன பின்னரும் அந்த இடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு தொடர்கிறது. ஆகவே கூரை வேலைக்கு முன் வல்லுநரின் ஆய்வு தேவை.

குடும்ப வீடாகவே நீடிக்கிறது என்று கருதி, வீட்டை வேறு தேவைக்குப் பயன்படுத்தப் பெற வேண்டிய பயன்பாட்டு மாற்ற அனுமதியை விட்டுவிடுவதும் ஆபத்தானது. பெரிய வீடொன்றைக் குழுக்களுக்கு வாடகைக்கு விடுவது பயன்பாட்டு மாற்றமாகுமா என்பது அந்தந்த வீட்டின் நிலைமையைப் பொறுத்தது என்று 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது.

தீயைப் பற்றிய அலட்சியத்துக்கு மன்னிப்பே இல்லை. குறுகிய ஒற்றைப் படிக்கட்டு, இடுக்குகள் நிறைந்த பலகைத் தளம், விளார்களைப் பின்னி மண் பூசிய தடுப்புகள் ஆகியவற்றின் வழியே புகை விரைந்து பரவும். விருந்தினருக்கோ வீட்டின் வழிகள் பழக்கமில்லை. சிறு விடுதிகளுக்கான அரசு வழிகாட்டி பத்துப் பேர் வரை தங்கும் இடங்களுக்கே பொருந்தும். இருபது பேர் தங்கும் வீட்டுக்குத் தகுதி வாய்ந்தவரைக் கொண்டு தனி மதிப்பீடு செய்து, அனைத்து அறைகளிலும் ஒருசேர ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவிகளை அமைக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கிடப்பது செப்டிக் டேங்க். நிலத்துக்குள் விடும் கழிவுநீர் நாளொன்றுக்கு 2,000 லிட்டரைத் தாண்டினால் தனி அனுமதி பெற வேண்டும். ஆளுக்கு 100 லிட்டர் என்று குறைவாகக் கணக்கிட்டாலும், இருபது பேருக்கே அந்த 2,000 லிட்டர் எட்டிவிடும். குடிநீர் சொந்தக் கிணற்றிலிருந்து வருமானால், விருந்தினருக்குத் தரும் அந்த நீரை உள்ளாட்சி அமைப்பு ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும்.

குளிர்காலத்தில் ஒரு குழு புறப்பட்டதும் வெப்பமூட்டியை முற்றிலும் நிறுத்திவிட்டு, அடுத்த குழு வரும் நாளில் திடீரென்று முடுக்கிவிடுவதும் தவறே. குளிர்ந்து கிடக்கும் தடித்த சுவர்களில் இருபது பேரின் மூச்சே நீராகப் படியும். இடைப்பட்ட நாட்களிலும் மிதமான வெப்பத்தை வைத்திருந்து, பகலில் சிறிது நேரம் சன்னல்களைத் திறந்துவைப்பதே அந்தச் சுவர்களுக்கு ஏற்ற பராமரிப்பு.