சிஜேடி சந்தேகம்னா மூளை போஸ்ட்மார்ட்டத்துக்கு முன்னாடியே ஏற்பாடு பண்றது எப்படி

வீட்ல ஒருத்தருக்கு சிஜேடி, அதாவது மூளைய வேகமா அழிக்கற க்ராய்ட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோயா இருக்கலாம்னு நியூராலஜிஸ்ட் சொல்லிட்டாருன்னா உங்க கையில நேரம் ரொம்ப கம்மி. இந்த நோய் வந்தவங்கள்ல பாதிப்பேர் அஞ்சாறு மாசம் தாண்டறதில்ல, கடைசில பேச்சே நின்னுடும், அதனால மூளைய போஸ்ட்மார்ட்டம் பண்ணலாமா வேணாமாங்கற முடிவ அவங்க உயிரோட இருக்கும்போதே எடுத்து வச்சுடணும். கேக்கவே கொடூரமா இருக்கும், தெரியும். ஆனா உயிர் போன அன்னிக்கு இத பேச ஆரம்பிச்சா முக்காவாசி நேரம் நடக்காது, பண்ற டாக்டர் கிடைக்க மாட்டாரு, சொந்தக்காரங்க ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, கடைசில யாரும் எதுவும் முடிவு பண்ணாம அடக்கம் முடிஞ்சுடும்.

முதல்ல ஒரு குழப்பத்த தீர்த்துக்கலாம். போலீஸ் கேஸ்ல பண்ற போஸ்ட்மார்ட்டம் வேற, இது வேற. இதுல குடும்பம் கையெழுத்து போட்டாதான் தொடுவாங்க, மூளைய மட்டும் எடுத்தா போதும்னு எழுதியும் குடுக்கலாம், பெரும்பாலும் அதுவே போதும்.

எம்ஆர்ஐ எடுத்தாச்சு, முதுகுத்தண்டு நீரும் டெஸ்ட் பண்ணியாச்சு, இன்னும் எதுக்கு இதுன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். முதுகுத்தண்டு நீர்ல பண்ற ஆர்டி-க்விக்னு ஒரு டெஸ்ட் வந்ததுக்கப்புறம் உயிரோட இருக்கும்போதே பத்துல ஒம்பது பேருக்கு கண்டுபிடிச்சுடறாங்க. ஆனா அதுக்கும் பேர் "இருக்க வாய்ப்பு அதிகம்"ங்கறதுதான், "உறுதி"ன்னு எழுதணும்னா மூளை திசுவ பார்த்தே ஆகணும். 2011ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்துச்சு, சிஜேடி சந்தேகத்துல வந்த 1106 மூளைகள பார்த்தா 352ல ப்ரியானே (இந்த நோய உண்டாக்கற, உருமாறிப்போன புரதம்) இல்ல, அதுலயும் 71 பேருக்கு இருந்தது மருந்து குடுத்து பார்த்திருக்கக்கூடிய வேற நோய். இது ஆர்டி-க்விக் வர்றதுக்கு முந்தின காலத்து கணக்கு, இன்னிக்கு அவ்ளோ தப்பு நடக்காது, ஆனாலும் உங்க ஆள் இன்னும் உயிரோட இருந்தா இன்னிக்கே டாக்டர்கிட்ட "ஆட்டோஇம்யூன் என்செஃபலைட்டிஸ் (நம்ம நோய் எதிர்ப்பு சக்தியே மூளைய தாக்கறது) இல்லன்னு பார்த்துட்டீங்களா"ன்னு ஒரு தடவ கேட்டுடுங்க. போஸ்ட்மார்ட்டம் பத்தின பேச்செல்லாம் அதுக்கப்புறம்தான்.

இதுல ஊருக்கு என்ன லாபம்னா, கண்காணிப்புங்கறதே இத நம்பித்தான் ஓடுது. பிரிட்டன்ல எடின்பரோவுல 1990ல ஒரு யூனிட் ஆரம்பிச்சாங்க, மாட்டுக்கு வந்த ப்ரியான் நோய் (மேட் கவ்) மனுஷனுக்கு வருதான்னு பார்க்கத்தான். நாடு முழுக்க வர்ற ஒவ்வொரு சந்தேக கேஸையும் பார்த்துக்கிட்டே இருந்தாங்க, 1996 மார்ச்ல பத்து பேர், எல்லாரும் சின்ன வயசு, மூளைல அதுவரைக்கும் யாருமே பார்க்காத மாதிரி பூ பூவா திட்டுகள், அப்பதான் வேரியன்ட் சிஜேடின்னு புதுசா ஒண்ணு இருக்குன்னே உலகத்துக்கு தெரிஞ்சுது. வெறும் டெத் சர்டிபிகேட்ட வச்சு இத பிடிச்சிருக்கவே முடியாது. அங்க மட்டும் கடைசில 178 பேர் போனாங்க. அமெரிக்காவுல 1997ல கிளீவ்லேண்ட்ல தேசிய ப்ரியான் நோய் கண்காணிப்பு மையம் வந்துச்சு, கனடா, ஆஸ்திரேலியாவுலயும் இதே மாதிரி இருக்கு. அமெரிக்காவோட நோய் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, 55 வயசுக்கு கீழ யாராவது இந்த நோயில போனா தனியா எடுத்து விசாரிக்கும். ஏன்னா சாதாரண சிஜேடி பெரும்பாலும் அறுபதுக்கு மேலதான் வரும், சின்ன வயசுல வந்தா பரம்பரையா, வெளியேருந்து தொத்தினதா, இல்ல புதுசா ஏதாவதான்னு பார்க்கணும், மானுக்கு வர்ற சிடபிள்யூடிங்கற ப்ரியான் நோய் மனுஷனுக்கு தாவுதாங்கற பயமும் இப்ப சேர்ந்திருக்கு. அதனால உங்க ஆளுக்கு வயசு கம்மின்னா தயவுசெஞ்சு வேணாம்னு சொல்லாதீங்க, இது என்னோட கருத்து.

சரி, வேலைக்கு வருவோம். டாக்டர்கிட்ட "எங்களுக்கு மூளை போஸ்ட்மார்ட்டம் வேணும், ப்ரியான் கண்காணிப்பு மையத்தோட பேசி ஏற்பாடு பண்ணுங்க"ன்னு நேரடியா சொல்லுங்க. உங்க நாட்ல அப்படி ஒரு மையம் இருந்தா நீங்களே கூட போன் போடலாம், அமெரிக்க மையத்துல பேத்தாலஜிஸ்ட்ட தேடறதுலேருந்து உடம்ப கொண்டுபோய் திருப்பி கொண்டுவர வரைக்கும் அவங்களே பார்த்துப்பாங்க, குடும்பத்துகிட்ட காசு வாங்கறதில்ல. தனி மையம் இல்லாத எடத்துல நியூரோபேத்தாலஜி (மூளை திசுவ ஆராயற) துறை இருக்கற பெரிய ஆஸ்பத்திரி, இல்ல மூளை வங்கி இருக்கற எடத்த பிடிங்க, பெங்களூரு நிம்ஹான்ஸ்ல அப்படி ஒண்ணு இருக்கு. செலவு யார் தலையில விழும், ஆம்புலன்ஸ் யார் பார்ப்பாங்கன்னு முன்னாடியே கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க. சட்டப்படி கையெழுத்து போட வேண்டியது யாருன்னும் கேளுங்க, அது பெரும்பாலும் கணவனோ மனைவியோ, இல்லன்னா பசங்க. அவங்கள உக்கார வச்சு பேசிடுங்க.

நிறைய எடத்துல ஆஸ்பத்திரியே பயந்து "எங்களால முடியாது"ன்னுடும். அந்த பயத்துல பாதி நியாயம், ப்ரியான் ஸ்பிரிட்டுக்கும் ஃபார்மலினுக்கும் சாகாது. மீதி பாதி தெரியாத்தனம், உலக சுகாதார நிறுவனம் 1999லயே எப்படி பண்ணணும்னு வழிமுறை போட்டுடுச்சு. ஒருதடவ போட்டு எரிச்சுடற டிரஸ், தூள் பறக்காம இருக்க கை ரம்பம், டேபிள துடைக்க ஒரு மணி நேரம் காஸ்டிக் சோடா கரைசல், இவ்ளோதான் விஷயம். நீங்க மறக்காம சொல்ல வேண்டியது ஒண்ணே ஒண்ணு, மூளை மொத்தத்தையும் ஃபார்மலின்ல போட்டுடாதீங்க, பாதிய ஃப்ரீஸ் பண்ணுங்கன்னு. ஃபார்மலின்ல போன பாதிலேருந்து சின்ன துண்டுகள எடுத்து, தொத்தற சக்திய குறைக்க ஃபார்மிக் ஆசிட்ல ஒரு மணி நேரம் ஊற வச்சு மைக்ரோஸ்கோப்ல பார்ப்பாங்க, உறைஞ்ச பாதிலதான் எந்த வகை ப்ரியான்னு வெஸ்டர்ன் பிளாட்ங்கற புரத டெஸ்ட் போட்டு சொல்ல முடியும், ஜீன் டெஸ்ட்டுக்கும் அதுதான் நல்லது. ஒரு ஆள் அவசரத்துல மொத்தத்தையும் பாட்டில்ல போட்டுட்டா பாதி பதில் போச்சு.

உயிர் போனதும் உடனே போன். உடம்ப குளிர்ல வைக்கணும், எம்பாமிங் (உடம்பு கெடாம இருக்க மருந்து ஏத்தறது) பண்ணிடாதீங்க, அது அப்புறம். வெட்டு ஒரு காதுலேருந்து இன்னொரு காதுக்கு தலைக்கு பின்பக்கமா போகும், முடி மூடிடும், முகத்துல ஒண்ணும் தெரியாது, முகம் பார்க்க வைக்கலாம். போஸ்ட்மார்ட்டத்துக்கு முன்னாடி கைய பிடிச்சுக்கறது, முத்தம் குடுக்கறதெல்லாம் பிரச்சனை இல்ல. பண்ணதுக்கப்புறம் அத தவிர்த்துடுங்க, குளிப்பாட்டற பழக்கம் இருந்தா அத முன்னாடியே முடிச்சுக்கோங்க, இல்லன்னா கையுறை போட்ட ஆள்கிட்ட விட்டுடுங்க. எரிச்சாலும் புதைச்சாலும் சரி, அஸ்தில ஒரு ஆபத்தும் கிடையாது.

ரிப்போர்ட் வர மாசக்கணக்குல ஆகும். வந்ததும் காப்பி வாங்கிட்டு டெத் சர்டிபிகேட்ட எடுத்து பாருங்க, அதுல நிமோனியான்னு மட்டும் போட்டிருந்தா டாக்டர்கிட்ட சொல்லி திருத்த சொல்லுங்க, ஏன்னா அரசாங்க கணக்குல ஏ81.0ங்கற கோடு விழுந்தாதான் அந்த சாவு சிஜேடின்னு எண்ணுவாங்க. பத்துல ஒரு கேஸ், சில சமயம் அதுக்கு மேலயும், ப்ரியான் புரதத்துக்கான பிஆர்என்பி ஜீன் மாற்றத்தால வர்றது, அது பசங்களுக்கு போக பாதிக்குப் பாதி வாய்ப்பு. தெரிஞ்சுக்க எல்லாருக்கும் தைரியம் இருக்காது, அதனால ஜீன் ரிசல்ட்ட யாருக்கு சொல்லணும், யாருக்கு சொல்லக்கூடாதுன்னு மையத்துக்கு முதல்லயே எழுதி குடுத்துடுங்க, கவுன்சிலிங் இல்லாம அந்த கவர பிரிக்காதீங்க.

இன்னொண்ணு, கண்காணிப்பு மையத்துலேருந்து ஒருத்தர் பேசி பழசெல்லாம் கேப்பாங்க, எப்ப எங்க ஆபரேஷன் ஆச்சு, மூளை உறை ஒட்டு வச்சாங்களா, கார்னியா மாத்தினாங்களா, சின்ன வயசுல வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டாங்களா, ரத்தம் வாங்கினாங்களா குடுத்தாங்களான்னு. பழைய டிஸ்சார்ஜ் சம்மரிய தூக்கி போட்டுடாதீங்க, முக்கியமா மூளை, கண் ஆபரேஷன் பண்ண ஆஸ்பத்திரிக்கு தகவல் போயே ஆகணும், அங்க அதே கருவிய அடுத்தவங்களுக்கு எடுத்திருப்பாங்க.