காருக்குள் கொதிக்கிறதா? ஏசி கேஸைக் கடைசியில் பாருங்கள்

போன வாரம் பட்டறைக்குப் புதிதாக வந்த பையன் கேஸ் அழுத்தம் பார்க்கும் கேஜைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "திருச்சியிலேர்ந்து வர்றாங்கண்ணே. விழுப்புரம் தாண்டினதும் உள்ளே தாங்க முடியலையாம். கேஸ் போட்டுடவா?" தொழில் பழகும்போது நானும் இப்படித்தான் கேட்பேன். வெயிலில் நிறுத்துவது, கண்ணாடியைச் சரியாக ஏற்றாதது எல்லாம் உங்களுக்கே தெரியும். மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

விசாரிக்காமல் கேஸ் ஏற்றுவது

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீராது. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். பல சிறிய கார்களுக்கு மொத்தமே அரை கிலோதான். அளவுக்கு மேல் ஏற்றினால் அழுத்தம் கூடும், குளிர்ச்சி குறையும்.

டாக்ஸி ஓட்டும் அண்ணன் ஒருவருக்கு இரண்டு மாதத்தில் இரண்டு முறை கேஸ் ஏற்றினேன். பட்டறையில் ஜில்லென்று இருக்கும். இரண்டு மணி நேரம் ஓடினால் வேர்த்துக் கொட்டும். மூன்றாம் முறை கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரே போய்விட்டது. நான் ஏற்றிய கூடுதல் கேஸ்தான் அதைக் கொன்றது. பிறகு டாஷ்போர்டைப் பிரித்தால், உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் முழுக்கத் தூசி, காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலின் குளிரை அளக்கும் சென்சாரும் பழுது. ஓட ஓடக் காயிலில் ஐஸ் கட்டி, காற்றை அடைத்திருக்கிறது. சில நூறு ரூபாய் ஃபில்டரையும் ஒரு சின்ன சென்சாரையும் பார்க்காமல் அவருடைய பல நாள் வருமானத்தை வீணாக்கினேன். இன்றும் யாராவது யோசிக்காமல் கேஜை எடுத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

முதலில் கேட்க வேண்டியது இதுதான்: "காத்து குறையுதா, இல்ல காத்து நல்லா வந்தும் சூடா இருக்கா?" குறைந்தால், ஏசியை அணைத்துவிட்டுப் காற்றை ஊதும் புளோயரை மட்டும் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். காற்று பழையபடி வந்தால் ஐஸ்தான். காற்று பலமாக வந்தும் சூடாக இருந்தால் கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சரின் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஏசி காற்று ஜில்லென்று வந்தும் கால் மட்டும் சுட்டால், சூடு கீழேயிருந்து வருகிறது.

ஆறிய வண்டியைச் சோதிப்பது

ஓடி வந்த சூட்டோடு பாருங்கள்.

ஹீட்டரை மறப்பது

நம் ஊரில் யாரும் ஹீட்டர் போடுவதில்லை. ஆனால் பல கார்களில் இன்ஜினின் சுடுநீர் டாஷ்போர்டுக்குப் பின்னால் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். நடுவே ஒரு கதவுதான் தடுப்பு. அது முழுதாக மூடாவிட்டால் குளிர்ந்த காற்றும் சூடாகித்தான் வெளியே வரும். குமிழைச் சூட்டிலிருந்து குளிருக்குத் திருப்பியும் மாற்றம் தெரியாவிட்டால் அந்தக் கதவைச் சந்தேகப்படுங்கள்.

புகை நாற்றத்தோடு ஓட்டுவது

உடனே நிறுத்தி எல்லாரும் இறங்குங்கள். புகையில் இருக்கும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. நாற்றமே இல்லாமல் தலை வலித்தாலும் இறங்குங்கள்.

சத்தம் போடும் ஹீட் ஷீல்டைக் கழற்றி எறிவது

சூட்டைத் தடுக்கும் அந்தத் தகடு இல்லாவிட்டால் சைலன்சர் குழாயின் சூடு நேராகக் காரின் தரைக்கு ஏறும்.

அன்றைக்குப் பையன் கேஜை வைத்துவிட்டுப் போய்க் கேட்டான். "காத்து நல்லாத்தான் வருது தம்பி, இடது கால்தான் எரியுது" என்றார் ஓட்டி வந்தவர். வண்டியைத் தூக்கிப் பார்த்தோம். தகடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு போல்ட் ஓட்டைகள் மட்டும் இருந்தன.