பராமரிப்புக் கம்பனியில் ஆட்கள் சொல்லும் யோசனைகளைக் கையாள்வது எப்படி?

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலைகளின் மோட்டார், ட்ரையர், ரோலர் வேலைகளைப் பத்துப் பதினைந்து பேரை வைத்துச் செய்துகொடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். யோசனைப் பெட்டி ஒன்றை வாங்கி ஆணியடித்து மாட்டத்தான் முதலில் தோன்றும். மாட்டாதீர்கள். போட்ட சீட்டுக்குப் பதில் வராவிட்டால் அடுத்த மழைக்குள் அதில் பூரான்தான் குடியிருக்கும்.

முதல் படி: கேட்கும் விதம்

"ஏதாவது யோசனை இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். "இந்தக் கிழமை எந்த வேலையை இரண்டு தடவை செய்தீர்கள்? எந்தச் சாமானுக்காகத் திரும்பி வந்தீர்கள்?" என்று கேளுங்கள், வாய் திறப்பார்கள்.

பொகவந்தலாவையில் ட்ரையர் ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டது என்று ஃபோன் வருகிறது என்று வையுங்கள். வேனில் பி 75 பெல்ட் போகிறது. அங்கே கிடப்பதோ பி 85. பி என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் எண் பெல்ட்டின் உட்சுற்று நீளம், அங்குலத்தில். பத்து அங்குலம் குறைந்த பெல்ட்டை எப்படி இழுத்தாலும் மாட்ட முடியாது. வளைவுப் பாதையில் போய்த் திரும்பவே அரை நாள் போய்விடும், அதுவரை கொழுந்து காத்துக் கிடக்கும். அப்போது உதவியாள் பையன், "அண்ணே, பெல்ட் நம்பரை பெல்ட்டை மூடியிருக்கும் பாதுகாப்புக் கார்ட் மேலேயே பெயின்டில் எழுதிவிட்டால் என்ன?" என்கிறான். செலவு ஒரு சின்ன டின் பெயின்ட். நீங்கள் தேடுவது இந்த மாதிரி யோசனையைத்தான்.

இரண்டாம் படி: எழுதிவையுங்கள்

ஒரு சீஆர் கொப்பி போதும். திகதி, சொன்னவர் பெயர், யோசனை, பதில் சொல்ல வேண்டிய திகதி என்று நான்கு கட்டம் போடுங்கள். எழுதத் தயங்குபவர்கள் வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பட்டும், தமிழோ சிங்களமோ எதுவானாலும் சரி. பெயர்க் கட்டத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பையன் சொன்னது பெரிய ஃபிட்டரின் பெயரில் ஏறிவிட்டால் அவன் அடுத்த தடவை பேசமாட்டான்.

மூன்றாம் படி: பிரித்தெடுங்கள்

உடனே செய்யக்கூடியவை, சோதித்துப் பார்க்க வேண்டியவை, முடியாதவை. இவ்வளவுதான். ஆனால் மின்சாரம், பாரம் தூக்குதல், கார்டைக் கழற்றுதல் சம்பந்தப்பட்ட எதுவும், எவ்வளவு கெட்டிக்கார யோசனையானாலும், இன்ஜினியர் பார்க்காமல் நகரக்கூடாது. இயந்திரம் உங்களுடையதல்ல, தோட்டத்துடையது என்பதும் ஞாபகம் இருக்கட்டும். கார்டில் நம்பர் எழுதக்கூட ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள்.

நான்காம் படி: ஓர் இடத்தில் சோதியுங்கள்

"மழைக் காலத்தில் ஸ்டோரில் கிடக்கும் உபரி மோட்டாரில் ஈரம் ஏறுகிறது, ட்ரையர் பக்கம் வைப்போம்" என்று ஒருவர் சொல்கிறார். மஸ்கெலியா மழை தெரிந்தவர்கள் இதைத் தள்ளமாட்டார்கள். ஆனால் அங்கே தேயிலைத் தூசி பறக்குமே? அதனால் ஒரு மோட்டாரை மட்டும் மூடி அங்கே வையுங்கள், இன்னொன்று பழைய இடத்திலேயே கிடக்கட்டும். கிழமைக்கொரு தடவை இரண்டையும் மெகர் (மோட்டாரின் காப்புத் தடையை, அதாவது மின்சாரம் வெளியே கசியாமல் தடுக்கும் அளவை, அளக்கும் கருவி) வைத்து அளந்து எழுதுங்கள். ஈரம் ஏறினால் இந்த அளவு இறங்கும். 400 வோல்ட் மோட்டாரில் காப்புத் தடை 1 மெகாஓமுக்குக் கீழே இறங்கினால் ஓட்டக்கூடாது என்பது பொதுவான கணக்கு. எந்த மோட்டாரின் அளவு இறங்குகிறது என்று பார்த்தால் யோசனை சரியா, இல்லையா என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகு வாக்குவாதம் எதற்கு?

ஐந்தாம் படி: பதில் சொல்லுங்கள்

என்னைக் கேட்டால் எல்லாப் படியிலும் பெரியது இதுதான். ஒரு கிழமைக்குள் சொன்னவரிடமே நேரில் போய்ச் சொல்லுங்கள். முடியாது என்றால் காரணத்தோடு சொல்லுங்கள்: "தம்பி, நல்ல யோசனைதான், ஆனால் அந்தப் பெயாரிங் இங்கே கிடைக்காது." இப்படிக் கேட்டவன் மறுபடியும் யோசிப்பான். "பார்ப்போம்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

பரிசு சின்னதாகவே இருக்கலாம். அமெரிக்காவின் கொடாக் கம்பனி 1898இல் யோசனைத் திட்டம் தொடங்கியபோது, ஜன்னல்களைக் கழுவச் சொன்ன தொழிலாளிக்கு 2 டொலர்தான் கொடுத்தது. சம்பளத்தோடு சேர்க்காமல், எல்லோர் முன்னாலும் தனியாகக் கொடுங்கள்.

அப்புறம், வேலை செய்த யோசனையை வேலை அட்டையில் அச்சடித்துவிடுங்கள். "பெல்ட் நம்பர் கார்டில் எழுதப்பட்டுள்ளதா? ஆம் / இல்லை" என்று ஒரு வரி போதும். அந்தப் பையன் வேறு வேலைக்குப் போய்விட்டாலும் புதிதாக வருபவன் எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவான்.