தூக்க மாத்திரையைக் குறைக்கும் காலத்தில் தூங்குவது எப்படி

பல ஆண்டுகளாக இரவுதோறும் அல்பிரசோலமோ குளோனசெபாமோ சாப்பிட்டு வந்தவர்கள், மருத்துவர் அளவைக் குறைத்த முதல் வாரத்திலேயே விடிய விடிய விழித்துக் கிடந்துவிட்டு, மாத்திரை இல்லாமல் இனித் தூக்கமே வராது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அது பெரும்பாலும் அவசர முடிவு. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்னும் வேதிப்பொருளின் வேலையை இம்மருந்துகள் கூட்டித் தருகின்றன. நாளடைவில் மூளையும் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. மருந்து குறைந்த உடனே அந்த மாற்றம் சரியாகிவிடுவதில்லை என்பதால், முன்பு இருந்ததைவிடக் கடுமையான தூக்கமின்மை சில நாட்களுக்குத் தலைகாட்டும்.

இம்மருந்துகளை ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். ஆகவே குறைப்பது எப்போதும் மருத்துவரின் கணக்குப்படியே நடக்க வேண்டும். இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைப்பது இன்று பரவலாகப் பரிந்துரைக்கப்படும் வேகம். 0.5 மில்லிகிராம் மாத்திரையைச் சமையலறைக் கத்தியால் இரண்டாக்குபவர் ஒரே இரவில் 50 சதவீதத்தைக் குறைக்கிறார்; அதிலும் ஒரு துண்டு பெரிதாகவும் மற்றது பாதி பொடியாகவும் போய்விடும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளை உடைக்கவே கூடாது. உடலில் அதிக நேரம் தங்கும் டயசெபாமுக்கு மாற்றி, பிறகு சிறிது சிறிதாகக் குறைக்கும் முறையும் உண்டு. இங்கிலாந்தின் நியூகாசிலில் 1982 முதல் 1994 வரை இதற்கெனவே சிகிச்சை மையம் நடத்திய பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன் அந்த முறையைப் பின்பற்றினார்.

தூக்கத்தைப் பொறுத்தவரை, படுக்கும் நேரத்தைவிட எழும் நேரமே முக்கியம். இரவு எப்படிக் கழிந்திருந்தாலும், காலை 6 மணி என்று முடிவு செய்துவிட்டால் 6 மணிக்கே எழுந்து சற்று நேரம் வெயிலில் நடக்க வேண்டும். இழந்த தூக்கத்தை ஈடுகட்ட மறுநாள் இரவு 8 மணிக்கே படுத்தால், உறக்கத்துக்காகப் போராடும் நேரம்தான் கூடும். ஏறத்தாழ 20 நிமிடம் ஆகியும் உறக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து, மங்கலான விளக்கில் கீரை ஆய்வது, துணி மடிப்பது போன்ற சலிப்பான வேலை எதையாவது செய்துவிட்டு, கண் சொருகும்போது மட்டும் படுக்கைக்குத் திரும்புங்கள். முதியவர்கள் இருட்டில் தடுமாறி விழாதபடி வழியில் விளக்கு எரியட்டும். சுவர்க் கடிகாரத்தைத் திருப்பி வையுங்கள், மணி 2.40 என்று தெரிந்துகொண்டு எவரும் தூங்கிப் போனதில்லை.

மாலை 4 மணிக்குக் குடித்த ஃபில்டர் காபியின் காஃபினில் ஏறக்குறைய பாதி, இரவு 9 மணிக்கும் உடலில் இருக்கும். எனவே நண்பகலோடு காபியை நிறுத்திக்கொள்வது நல்லது. மதுவைத் துணைக்கு அழைக்கக் கூடாது. மீதமிருக்கும் மாத்திரையோடு அது சேர்ந்தால் மூச்சே தடைபடலாம். ஒவ்வாமைக்குத் தரும் மாத்திரையைத் தூக்கத்துக்காக விழுங்கும் வழக்கமும் வேண்டாம்.

குறைத்த தேதி, எழுந்த நேரம், பகலில் எப்படி இருந்தது என்ற மூன்றை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். இரண்டு வாரமாகியும் நிலை தேறாவிட்டால், அதே அளவில் இன்னும் சில வாரங்கள் இருக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வலிப்பு, மனக்குழப்பம், இல்லாதவை கண்ணில் தெரிதல், தற்கொலை எண்ணம் ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த சந்திப்புக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கடைசிக் கால் மாத்திரைதான் பலருக்கும் மிகக் கடினமாக இருக்கிறது. அந்தக் கட்டத்துக்குக் கூடுதலாக ஓரிரு மாதங்களை முன்கூட்டியே ஒதுக்கிவைப்பது நல்லது.