ஜார்ஜ் டவுன் வரலாற்று நடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை ஜார்ஜ் டவுனில் வழிகாட்டியோடு நடக்க வருபவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் தவறு, முதல் அடி எடுத்து வைக்கும் முன்பே நேர்ந்துவிடுகிறது. பாரிமுனைக்கு வடக்கே நெருக்கியடித்து நிற்கும் இந்தத் தெருக்கள்தாம் புனித ஜார்ஜ் கோட்டையோடு சேர்ந்து தோன்றிய, இந்தியர் வாழ்ந்த முதல் ‘கறுப்பர் பட்டணம்’ என்று அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். வழிகாட்டிகள் சிலரும் அப்படியே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அந்த முதற் பட்டணம் இருந்தது கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டி, இப்போது உயர் நீதிமன்ற வளாகம் அமைந்துள்ள பக்கத்தில். 1758 டிசம்பரில் லாலியின் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை, கோட்டைக்கு வடக்கே இருந்த வீடுகளை மறைவிடமாகக் கொண்டு கோட்டையை முற்றுகையிட்டது. 1759 பிப்ரவரியில் முற்றுகை விலகியதும், பீரங்கிக்குக் குறுக்கே இனி ஒரு சுவரும் நிற்கக் கூடாது என்று கருதிய கும்பினியார் (கிழக்கிந்தியக் கம்பெனியார்), பழைய பட்டணத்தில் எஞ்சியிருந்தவற்றையும் இடித்து வெட்டவெளியாக்கினர். அதற்கு வடக்கே இருந்த முத்தியால்பேட்டையும் பெத்தநாயக்கன்பேட்டையும் சேர்ந்து பெருகியதுதான் இன்றைய நகர்ப்பகுதி. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயர் இதற்கு வந்தது 1911இல்.

இது ஏதோ ஆண்டுக் கணக்கில் நேரும் சிறு பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. இதைத் தவறவிட்டால், கண்ணுக்கு எதிரே இருக்கும் பலவற்றுக்குக் காரணம் புரியாமல் போகும். பெரும்பாலான குழுக்கள் 1892இல் கட்டி முடிக்கப்பட்ட உயர் நீதிமன்றத்தின் செந்நிறக் கோபுரங்களைப் படமெடுத்துக்கொண்டு நடையைத் தொடங்குகின்றன. இத்தனை நெரிசலான ஊரில் அவ்வளவு பெரிய கட்டடத்துக்கு இடம் எப்படிக் கிடைத்தது என்று யாரும் கேட்பதில்லை. அந்த வெட்டவெளியின் எல்லையைக் குறிக்க 1773இல் நடப்பட்ட ஆறு தூண்களில் ஒன்று, பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தருகே இன்னும் இருக்கிறது. என்னைக் கேட்டால், நடை தொடங்க வேண்டிய இடம் அதுவே. பூக்கடை அருகே தேவராஜ முதலித் தெருவில் உள்ள சென்னகேசவப் பெருமாள் கோயிலையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். பழைய பட்டணத்திலிருந்த கோயில் இடிபட்ட பிறகு, மாற்றாக இங்கே எழுப்பப்பட்டதே இப்போதுள்ள ‘பட்டணம் கோயில்’.

அடுத்த தவறு, தெருப் பெயர்களைக் காதில் விழுந்தபடியே பொருள் கொள்வது. அரண்மனைக்காரத் தெருவில் அரண்மனை எங்கே என்று தேடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது ஆர்மேனியர் வாழ்ந்த தெரு. ‘ஆர்மேனியக்காரர்’ என்பது நம்மவர் நாவில் புரண்டு ‘அரண்மனைக்காரர்’ ஆயிற்று. 1772ஆம் ஆண்டைச் சேர்ந்த அவர்களது தேவாலயமும், ஆறு மணிகள் தொங்கும் மணிக்கூண்டும் அங்கே நிற்கின்றன. உலகின் முதல் ஆர்மேனிய மொழி இதழ் 1794இல் வெளியானது இந்தச் சென்னையில்தான். அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியனின் கல்லறையும் அந்த வளாகத்திலேயே உள்ளது. தங்கசாலைத் தெரு என்றால் நகைக்கடை வீதி என்று நினைப்பதும் இதே வகைப் பிழை. பெயருக்குக் காரணம் 1840களில் அங்கே வந்த நாணயச்சாலை. பவளக்காரத் தெருவோ பெயருக்கு ஏற்றபடி பவளம் விற்ற யூத வணிகரின் தெருவாகவே இருந்து, பின்னாளில் நகரத்தாரின் கையில் வளர்ந்தது.

வழிகாட்டி சொல்வதையெல்லாம் ஒரே தட்டில் வைப்பதும் கூடாது. தம்புச் செட்டித் தெருவின் காளிகாம்பாள் கோயிலுக்கு 1677இல் சிவாஜி வந்து வழிபட்டார் என்பது கோயில் வழியாக வந்த செய்தி. அந்த ஆண்டில் அவர் தெற்கே படையெடுத்து வந்தது வரலாறு. நல்ல வழிகாட்டி இரண்டையும் பிரித்துச் சொல்வார். பிரித்துச் சொல்லாதவரிடம் ‘இது எப்படித் தெரியும்?’ என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். கூட்டமில்லை என்பதற்காக ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தால் கட்டடங்களை நிதானமாகப் பார்க்கலாம் என்பது உண்மை. ஆனால் கோடவுன் தெருவில் துணி மூட்டைகளும் ஆண்டர்சன் தெருவில் காகிதக் கட்டுகளும் நகராதபோது, இந்த ஊர் எதற்காக உண்டானதோ அந்த வாணிகம் கண்ணில் படாது. வேலைநாளில் பத்து மணிக்கு மேல் போனாலோ வழிகாட்டியின் குரலே கேட்காது. வேலைநாள் ஒன்றில் ஏழு மணிக்குத் தொடங்கி, கடைகள் திறக்கும் வேளையில் முடிப்பது இரண்டுக்கும் நடுவழி. கோயில்கள் நண்பகலில் நடை சாத்திவிடும் என்பதையும், கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை என்பதையும் மறந்துவிட்டு, கோட்டையிலிருந்து சவுகார்பேட்டை வரை எல்லாவற்றையும் ஒரே காலையில் முடிக்கத் திட்டமிடுவோர், பாதி வழியில் ஆட்டோ தேடுவதே வழக்கம். முத்தியால்பேட்டைக்கு ஒரு நாள், பெத்தநாயக்கன்பேட்டைக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

தெருவில் நிற்கும் முறையும் உண்டு. வழிகாட்டியைச் சுற்றி இருபது பேர் வட்டமாக நின்றால் சுமை ஏற்றிச் செல்லும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி போகாது; அதை மிதிப்பவருக்கு அது அன்றைய கூலி. சுவரோரமாக வரிசையாக நின்று கேட்க வேண்டும். அப்படி நின்றபடியே தலையை நிமிர்த்தி மேலே பார்க்க வேண்டும். தரைத்தளம் முழுவதையும் பெயர்ப் பலகைகள் மூடிவிட்டதால், பழைய சாளரங்களும் சுதை வேலைப்பாடுகளும் மாடியில்தான் மிஞ்சியிருக்கின்றன. திண்ணையில் உட்கார்ந்திருப்பவரைக் கேளாமல் படமெடுப்பதும், நீதிமன்ற வளாகத்துக்குள் அனுமதியின்றிக் கேமராவோடு நுழையப் பார்ப்பதும் வீண் வம்பு.

காலணி எளிதில் கழற்றக் கூடியதாக இருக்கட்டும், கோயிலுக்குக் கோயில் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் வர வேண்டாம். நடை தங்கசாலைத் தெருவில் முடியுமானால், அங்கே சூடான கச்சோரி காத்திருக்கும்.