முதல் காசு முள்ளுக்கு

அப்பா பழைய வண்ணாரப்பேட்டையில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாதக் கூழ் ஊற்றுதல் என்று குழாய் கட்டிப் பாட்டுப் போட்ட இசைத்தட்டுகளில் 110 மிச்சம். அவர் போன பிறகு அவசரத்தில் சூட்கேஸ் மாதிரி மூடுகிற ரெக்கார்ட் பிளேயர் ஒன்றை வாங்கினேன். இரண்டே மாதத்தில், அவருக்கு ரொம்பப் பிடித்த தட்டில் குரல் மேலே ஏறும் இடமெல்லாம் கரகரத்தது. நகை நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசில் அந்த முள்ளை இறக்கிப் பார்த்தேன்: 5 கிராமுக்கு மேல் அழுத்தம். நல்ல முள்ளுக்கு 2 கிராம் போதும். தேய்ந்த வரிப்பள்ளம் திரும்பி வளராது. வாங்கப் போகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தையாவது பார்த்து வாங்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கடையில் மூடியின் பளபளப்பையும் புளூடூத்தையும் விடுங்கள். முள்ளைத் தாங்கும் கையின் (டோன்ஆர்ம்) பின்முனையில் திருகி நகர்த்தும் எடைக்கட்டி இருக்கிறதா, முன்முனையில் முள் பொருத்தியிருக்கும் சின்னப் பெட்டியான கார்ட்ரிட்ஜைக் கழற்ற முடிகிறதா, இந்த இரண்டும்தான் முக்கியம். காசு நெருக்கடியாக இருந்தால் ஆடியோ டெக்னிகா கம்பெனியின் எல்பி60எக்ஸ் பிளேயரைத் தாராளமாக வாங்கலாம். அதில் எடைக்கட்டி இல்லை, ஆனால் அழுத்தம் கம்பெனியிலேயே ஒழுங்காக வைத்து வருகிறது. முள் தேய்ந்தால் அதை மட்டும் இழுத்துக் கழற்றி மாற்றலாம். கார்ட்ரிட்ஜை மாற்ற முடியாது, பழைய அரக்குத் தட்டுக்கு வேண்டிய, நிமிடத்துக்கு 78 சுற்று வேகமும் கிடையாது. பின்னால் மேம்படுத்தும் ஆசை இருந்தால் நாலு மாதம் பொறுத்து, அந்த இரண்டும் உள்ள எல்பி120எக்ஸ் வாங்குங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

பழையது வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மூர் மார்க்கெட் 1985இல் எரிந்த பிறகு கடைகள் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துக்கு வந்தன. அங்கேயும் பர்மா பஜாரிலும் அமெரிக்காவிலிருந்து வந்த செட் கண்ணில் பட்டால், பின்பக்க ஸ்டிக்கரைப் படியுங்கள். 110 அல்லது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருந்து, உள்ளே கரண்டின் ஹெர்ட்ஸுக்கு ஏற்ற வேகத்தில் சுற்றும் ஏசி சிங்க்ரனஸ் மோட்டாரும் இருந்தால், டிரான்ஸ்பார்மர் வைத்தாலும் நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். பாட்டு இழுக்கும். கடையிலேயே பிளேயரின் சுழலும் தட்டின் ஓரத்தில் துண்டுக் காகிதம் ஒட்டி, போன் ஸ்டாப்வாட்சைப் போட்டு எண்ணுங்கள். 33⅓ வேகத்தில் 3 நிமிடத்தில் சரியாக 100 சுற்று வர வேண்டும். 97 வந்தால் பெல்ட் தளர்ந்திருக்கலாம், அது சின்னச் செலவு. கையைப் பிடித்து லேசாக அசைக்கும்போது அச்சில் ஆட்டம் தெரிந்தால் மட்டும் வேண்டாம் என்று வந்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும், கை உள்பக்கம் இழுபடுவதைத் தடுக்கும் ஆன்டி ஸ்கேட் குமிழை சைபரில் வையுங்கள். எடைக்கட்டியைத் திருகித் திருகி, கை மேலேயும் போகாமல் கீழேயும் சாயாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். இப்போது எண்கள் உள்ள வளையத்தை மட்டும் சைபருக்குத் திருப்பி, பிறகு எடைக்கட்டியை 2க்குக் கொண்டுவாருங்கள். ஆன்டி ஸ்கேட்டும் 2. வளையத்தை அப்படியே நம்பாமல் தராசிலும் ஒரு முறை பாருங்கள். என்னுடையது 2 என்று காட்டியபோது தராசில் 2.3 இருந்தது.

ஆம்ப்ளிஃபயரில் ரெக்கார்ட் பிளேயருக்கென்று 'போனோ' என்ற தனிச் செருகுவாய் இருந்தால், பிளேயருக்குள் இருக்கும், முள்ளின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பிரீஆம்ப்பை அணைத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் சத்தம் உடையும். அப்போது எர்த் ஒயரை மாட்ட மறந்தால் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வரும்.

எங்கள் வீடு கொருக்குப்பேட்டை தண்டவாளத்துக்கு ரொம்பப் பக்கம். "கூட்ஸ் வண்டி போறப்பல்லாம் பாட்டு குதிக்குதுடா"ன்னு அம்மா சொன்ன பிறகுதான் மேஜையை விட்டேன். சுவரில் இரும்புச் சட்டம் அடித்து, மேலே கடப்பாக்கல் பலகை, அதற்கும் பிளேயருக்கும் நடுவில் ரப்பர் பாதம். பலகையில் டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து, ரயில் போகும்போது பாருங்கள். அலை எழுந்தால் இன்னும் வேலை இருக்கிறது. ஸ்பீக்கரை அதே பலகையில் வைக்கவே கூடாது.

காசிமேட்டு உப்புக் கடற்காற்று இங்கே வரை வரும். கார்ட்ரிட்ஜின் பின்னால் உள்ள நாலு ஊசிகளில் களிம்பு பிடித்து, ஒரு பக்கம் பாட்டு நின்றுபோகும். கார்ட்ரிட்ஜ் போச்சு என்று நினைக்காதீர்கள். சின்ன ஒயர்களைப் பிடுங்காமல், மூக்குள்ள இடுக்கியால் மெதுவாகக் கழற்றித் துடைத்து மாட்டினால் சரியாகிவிடும்.

மேம்படுத்தும் காசு முதலில் முள்ளுக்குத்தான் போக வேண்டும், ஒயருக்கும் தட்டுக்கு அடியில் விரிக்கும் விரிப்புக்கும் அல்ல. எல்பி120எக்ஸுடன் வரும் விஎம்95இ கார்ட்ரிட்ஜின் உடலை வைத்துக்கொண்டு முள்ளை மட்டும் மாற்றலாம். அதோடு வருவது நீள்வட்ட முள், கம்பெனி கணக்கில் 300 மணி நேரம். மைக்ரோலீனியர் முள் 1,000 மணி நேரம். விலை கூடுதல்தான், ஆனால் தட்டின் உள்வட்டப் பாடல்கள் சிதறாமல் கேட்கின்றன. 78 அரக்குத் தட்டுக்கு அகலமான எஸ்பி முள் தனியாக வேண்டும். அந்தத் தட்டுகளை ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிடாதீர்கள், அரக்கு கரைந்துவிடும். டிஸ்டில்டு வாட்டரும் மெல்லிய துணியும் போதும்.

மைக்ரோலீனியர் முள் வந்த அன்று அப்பாவின் அந்தத் தட்டைப் போட்டேன். முனை மெல்லியது என்பதால் பழைய முள் தொடாத பள்ளச் சுவரிலும் அது படுகிறது. பல்லவியில் கரகரப்பு இன்னும் உண்டு. இரண்டாவது சரணம் முழுசாகத் தெளிவாக வந்தது. அம்மா அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.