பதிவேட்டைப் பையில் வைத்துவிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள்

கிராம சுகாதாரச் செவிலியர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். 1989-ல் தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரம் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் சேர்ந்தேன். அப்புறம் பாலக்கோடு. கடைசி எட்டு வருடம் அரூரைத் தாண்டி, சித்தேரி மலையடிவாரத்தில். மக்கள்தொகைக் கொள்கை, கருத்தடை முறைகள் எல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். ஒரு வீட்டு வாசலில் போய் நின்று என்ன பேசுவது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

முதலில், பிள்ளை பெறும் வயதுத் தம்பதிகளின் விவரம் எழுதும் தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டைப் பையிலேயே வைத்துவிடுங்கள். நுழைந்தவுடன் அதை விரித்து, எத்தனை பிள்ளை, கடைசிப் பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டால், இவள் ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க வந்திருக்கிறாள் என்றுதான் அந்தப் பெண் நினைப்பாள். குழந்தையைத் தூக்குங்கள். தடுப்பூசி அட்டையைக் கேளுங்கள். போன வாரக் காய்ச்சல் விட்டதா என்று விசாரியுங்கள். பிறந்த பிள்ளை தங்கும் என்ற நம்பிக்கை வராத வீட்டில் இரண்டோடு நிறுத்தச் சொல்வது நடக்காத காரியம்.

இதை நான் கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். அன்றைக்கு எங்களுக்கு இலக்கு உண்டு. மார்ச் மாதம் கணக்கு முடிப்பதற்குள் இத்தனை கருத்தடை ஆபரேஷன் கேஸ் என்று மேலிருந்து எண்ணிக்கை வரும். 1991 மார்ச்சில் எனக்கு இரண்டு கேஸ் குறைந்தது. ஒரு பையன், ஒரு பெண் என்று இரண்டு பிள்ளையோடு ஒரு பெண் இருந்தாள். "பையனுக்கு அஞ்சு வயசு தாண்டட்டும் நர்சம்மா" என்றாள். நான் விடவில்லை. தினமும் போய் உட்கார்ந்தேன். என் முகத்துக்காக முகாமுக்கு வந்தாள். அடுத்த தை மாதம் அந்தப் பையன் வயிற்றுப்போக்கில் போய்விட்டான். அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் அந்தத் தெருவுக்குள் நுழைந்தால் கதவைச் சாத்திக்கொண்டாள், அவ்வளவுதான். மூன்று வருடம் அந்தத் தெருவில் எந்தக் கர்ப்பிணியும் நாள் தள்ளிப்போனதை என்னிடம் முதலில் சொல்லவில்லை.

நாட்டுக்கே நடந்த கதையும் ஏறக்குறைய இதுதான். உலகத்திலேயே முதலாவதாக 1952-ல் குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக ஆக்கியது இந்தியா. ஆபரேஷன் செய்துகொண்டால் பணம் என்பதை 1956-லேயே தொடங்கியது நம்முடைய மதராஸ் மாநிலம். அவசரநிலைக் காலத்தில் அது கட்டாயமாக மாறி, 1976-77 ஒரே வருடத்தில் நாடு முழுக்க ஏறத்தாழ 80 லட்சம் பேருக்கு அறுவை நடந்தது. பெரும்பாலும் ஆண்களுக்கு. 1977-ல் 'குடும்பநலம்' என்று துறையின் பெயரையே மாற்ற வேண்டி வந்தது. 1994-ல் கெய்ரோவில் கூடிய ஐ.நா. மக்கள்தொகை மாநாடு, எண்ணிக்கையைவிடப் பெண்களின் விருப்பமே முக்கியம் என்றது. 1996-ல் இலக்கு முறையைக் கைவிட்டார்கள். 2000-ம் ஆண்டு தேசிய மக்கள்தொகைக் கொள்கை, விவரம் தெரிந்து மக்களே விரும்பி எடுக்கும் முடிவு என்று எழுதிவைத்தது. நான் பென்னாகரத்தில் இருந்தபோது ஒரு பெரியவர், அவசரநிலையில் ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க வந்த ஜீப்பின் சத்தம் கேட்டுச் சோளக்காட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்த கதையைச் சொல்வார். அவருடைய பேரன்களிடம்தான் நீங்கள் இப்போது பேசப் போகிறீர்கள்.

சரி, யாரிடம் ஆரம்பிப்பது? மருமகளிடம் தனியாக. மாமியார் எதிரில் கேட்டால் அவள் தரையைப் பார்ப்பாள். அங்கன்வாடியில் எடை போடும் நாள் நல்ல நாள். நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரையும் நல்ல இடம்தான், கூட்டத்தை விட்டு நாலு அடி தள்ளி நின்றால். அங்கே "எப்போ ஆபரேஷன்?" என்று கேட்காதீர்கள். "அடுத்த பிள்ளை எப்போ வேணும்னு நினைக்கிற கண்ணு?" என்று கேளுங்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பாள், இனிமேல் வேண்டவே வேண்டாம் என்பாள், இல்லை சீக்கிரம் வேண்டும் என்பாள். வேண்டும் என்று சொன்னால் இரத்தச்சோகை இருக்கிறதா பாருங்கள், சத்து மாத்திரை கொடுங்கள், கிளம்பிவிடுங்கள். அதுவும் குடும்பநல வேலைதான்.

மாமியாரை ஒதுக்கிவிட்டு எதையும் செய்ய முடியாது. இன்னொரு நாள் போய், "அத்தை, நீங்க எத்தனை பெத்தீங்க, எத்தனை தங்குச்சு?" என்று கேளுங்கள். ஏழு பெற்று மூன்று தங்கிய கதையை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டால், அதன் பிறகு மருமகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவருவதே அவராகத்தான் இருக்கும்.

இப்போதைக்கு வேண்டாம் என்பவளிடம் எல்லா முறைகளையும் சொல்லுங்கள், உங்களுக்கு எது சுலபமோ அதை மட்டும் அல்ல. பக்க விளைவையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அந்தரா என்ற கருத்தடை ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. தீட்டு ஒழுங்கு மாறும், சிலருக்கு நின்றே போகும். ஊசியை விட்ட பிறகு கரு நிற்க ஏழிலிருந்து பத்து மாதம்கூட ஆகலாம். இதைச் சொல்லாமல் போட்டால், தீட்டு நின்றதும் பயந்துபோய் அடுத்த ஊசிக்கு வரமாட்டாள். சாயா என்ற கருத்தடை மாத்திரை முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. வாரச்சந்தை கூடும் நாளை அடையாளமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், மறக்காது. தாய்ப்பால் கொடுத்தால் கரு நிற்காது என்று பலரும் நம்புகிறார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் முடியாமல் இருக்க வேண்டும், தாய்ப்பால் தவிர வேறு எதுவும் கொடுக்காமல் இருக்க வேண்டும், தீட்டு திரும்பாமல் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் அது பலன் தரும்.

கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். 380ஏ வகை பத்து வருடம் தாங்கும். பிரசவமான 48 மணி நேரத்துக்குள் வைத்துவிடலாம். நல்ல முறை, குறை சொல்லமாட்டேன். ஆனால் பிரசவமான ஏழு எட்டு மாதத்தில் அதிகப்படியான தீட்டோடு என்னிடம் வந்த பெண்கள் உண்டு. பரிசோதித்தால் காப்பர்-டி இருக்கும். வைத்தது அவர்களுக்கே தெரியாது. வலியில் துடிக்கும்போது ஒரு தாளில் கைரேகை வாங்கியிருப்பார்கள். தயவுசெய்து இதற்குத் துணைபோகாதீர்கள். ஏழாம் மாதப் பரிசோதனைக்கு வரும்போதே கேளுங்கள், யோசிக்க நேரம் கொடுங்கள், சம்மதித்தால் அட்டையில் எழுதுங்கள். வேண்டாம் என்றால் அதையும் எழுதுங்கள். முதல் மூன்று நான்கு மாதம் தீட்டு அதிகமாகப் போகும் என்பதால் இரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். பிறகு ஒருநாள் வந்து எடுத்துவிடுங்கள் என்றால், இன்னும் கொஞ்ச நாள் பார் என்று ஒருமுறை சொல்லலாம். இரண்டாம் முறை கேட்டால் எடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.

இனிமேல் வேண்டாம் என்பவர்களிடம் முதலில் கணவரைக் கேளுங்கள் என்பேன். தழும்பில்லாத ஆண் கருத்தடை கால் மணி நேர வேலை. தையல் கிடையாது. அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். பெண்ணுக்குச் செய்வதைவிட ஆபத்து குறைவு, அரசு கொடுக்கும் தொகையும் ஆணுக்குத்தான் கூடுதல். ஆனாலும் 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில், கருத்தடையாக ஆணின் அறுவையை நம்பியிருந்த தம்பதிகள் நாட்டில் 0.3 சதவீதம்தான். நம் ஊர் ஆண்கள் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். "மூட்டை தூக்க முடியாதாமே" என்பார்கள். ஒரு வாரம் பாரம் தூக்க வேண்டாம், பிறகு எல்லாம் பழையபடி என்று சொல்லுங்கள். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது பிடித்தால் ஓய்வும் கிடைக்கும். மூன்று மாதம் நிரோத் (ஆணுறை) பயன்படுத்தி, விந்துப் பரிசோதனை செய்த பிறகுதான் பாதுகாப்பு. இதைச் சொல்லாமல் விட்டதால் சந்தேகம் வந்து உடைந்துபோன ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

பெண் செய்துகொள்வதாக இருந்தால், அவளுடைய கையெழுத்து போதும். கணவர் கையெழுத்து கட்டாயம் என்று விதியில் இல்லை. 2014-ல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் நடந்த கருத்தடை முகாமில் பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். 2016-ல் உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களையே நிறுத்தச் சொன்னது. உங்கள் ஆளை அனுப்பும் இடத்தில் ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குச் செய்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அடுத்தது நம் மாவட்டத்துக்கே உரிய காயம். கிருஷ்ணகிரி பிரிவதற்கு முன், 2001 கணக்கெடுப்பில் தருமபுரியில் ஆறு வயது வரையுள்ள 1000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 826 பேர்தான். வேண்டாம் என்று நினைக்கும் பெண் குழந்தையை அரசிடம் ஒப்படைக்கும் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அந்த வருடம்தான் இங்கேயும் கொண்டுவந்தார்கள். இரண்டே போதும் என்று அரசு சொன்னதை, அந்த இரண்டில் ஒன்று ஆணாக இருக்க வேண்டும் என்று பல வீடுகள் எடுத்துக்கொண்டன. அதனால் "ரெண்டும் பொண்ணா?" என்று பரிதாபமாகக் கேட்டுவிடாதீர்கள். நர்சம்மாவே அப்படிச் சொன்னார் என்று ஊரே பேசும். பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தின் வைப்புத்தொகை, ஒரே பெண் என்றால் 50,000 ரூபாய், இரண்டு பெண் என்றால் ஆளுக்கு 25,000 என்பதைச் சொல்லி, விண்ணப்பத்தை நிரப்பக் கூடவே உட்காருங்கள். ஆபரேஷன் சான்றிதழ் கேட்பார்கள். அந்தப் பணத்துக்காகவே அவசரப்பட்டு முடிவெடுக்கிறாளா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சித்திரை, வைகாசியில் உங்கள் கண் பத்தாவது முடித்த பெண்கள் மேல் இருக்க வேண்டும். பென்னாகரம் பக்கமும் சரி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கமும் சரி, பரீட்சை முடிந்ததும் கல்யாணப் பேச்சு தொடங்கிவிடும். பிறப்பு குறைந்ததற்கு ஆபரேஷன் முகாம்களைவிடப் பெண்களின் படிப்புதான் பெரிய காரணம் என்பது என் அனுபவம். பதினொன்றாம் வகுப்புக்கு இலவச சைக்கிள் வந்ததும் எத்தனையோ பெண்கள் இரண்டு வருடம் கூடுதலாகப் படித்தார்கள். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து படித்துக் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் என்பதை அப்பாவிடம் சொல்லுங்கள், மகளிடம் மட்டும் அல்ல. பேச்சு மீறிப் பத்திரிகை அடிக்கும் வரை போய்விட்டால் தயங்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

இப்போது இளைஞர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். ஆந்திர முதல்வர் அதிகம் பெற்றுக்கொள்ளச் சொல்கிறார், மக்கள்தொகை குறைந்தால் நம் நாடாளுமன்றத் தொகுதிகளும் குறைந்துவிடும் என்கிறார்கள், நீங்கள் எதற்கு இன்னும் வருகிறீர்கள் என்று. அதே 2019-21 ஆய்வில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை. ஒரு தலைமுறை தன்னை ஈடுகட்ட 2.1 வேண்டும். அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. குறையுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை, உங்கள் மனைவிக்கு எப்போது வேண்டுமோ அப்போது, வேண்டும் அளவுக்குப் பெற்றுக்கொள்ள உதவத்தான் வந்தேன் என்று சொல்லுங்கள். பதினெட்டில் ஒன்று, பத்தொன்பதில் ஒன்று என்று பெற்று உடம்பு வெளுத்துப்போன பெண்கள் இன்றும் மலையில் இருக்கிறார்கள்.

கடைசியாக, ஆபரேஷன் முடிந்த பிறகு போகாமல் இருந்துவிடாதீர்கள். ஏழாம் நாள் தையலைப் பார்க்க நீங்களே போங்கள். தீட்டு தள்ளிப்போனால் அன்றைக்கே சொல்லச் சொல்லுங்கள். அபூர்வமாக அறுவை தோற்றுப்போகும். தோற்றுப்போனால் இழப்பீடு உண்டு, தெரிந்த 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆபரேஷன் சான்றிதழையும் சம்மதப் படிவத்தின் நகலையும் நெகிழிப் பையில் போட்டு, ரேஷன் அட்டையோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.